காற்றாலை எதிர்ப்பு: கம்பம் பள்ளத்தாக்கும் மன்னார்த் தீவும்

காற்றாலை எதிர்ப்பு என்பது, காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டங்கள் தங்கள் ஊரிலோ ஊரை ஒட்டியோ அமைவதை அங்குள்ள மக்கள் தனித்தோ திரண்டோ எதிர்ப்பதைக் குறிக்கும். நிலக்கரி எரிக்காத, புகை விடாத மின்சாரத்தை ஏன் எதிர்க்க வேண்டும் என்ற கேள்வி நகரத்தில் இருப்பவருக்கு இயல்பாக எழும். எதிர்ப்பு எழுந்த ஊர்களைக் கவனித்தால், பெரும்பாலான இடங்களில் காற்று மின்சாரத்தை மக்கள் மறுக்கவில்லை என்பது தெரியும். எந்த இடத்தில் நடுகிறீர்கள், யாரிடம் கேட்டு நட்டீர்கள், ஓடையும் பாதையும் என்ன ஆயின என்பவையே அவர்களின் கேள்விகள்.

தமிழ் பேசும் நிலப்பரப்பில் இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. இங்கு காற்றாலைகள் குறித்துக் குறைகள் உண்டு. பெரிய போராட்டம் இல்லை. மற்றொன்று, இலங்கையின் வடமேற்கில் உள்ள மன்னார்த் தீவு. அங்கு 2025-இல் ஊரே தெருவுக்கு வந்தது. இரண்டு இடங்களிலும் சுழலிகளை ஓட்டுவது ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுதான். ஆனால் நிலம் கைமாறிய விதமும் நிலத்தின் அமைப்பும் வேறு வேறு.

கணவாய்க் காற்று

மேற்குத் தொடர்ச்சி மலை தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே ஒரு சுவர் போல் நிற்கிறது. அந்தச் சுவரில் இடைவெளி உள்ள இடங்களில் பருவக்காற்று குவிந்து, வேகம் கூடி, கிழக்கே பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய நான்கு கணவாய்ப் பகுதிகளில்தான் தமிழ்நாட்டின் காற்றாலைகளில் பெரும்பகுதி அமைந்துள்ளது. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மாநிலத்தின் முதல் காற்றாலைப் பண்ணை தொடங்கப்பட்டது. இன்று மாநிலத்தின் மொத்த நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாடு, மேகமலைத் தொடர். நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளையும் வயல்கள். கூடலூரில் தொடங்கி, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக மார்க்கையன்கோட்டை, வீரபாண்டி வரை இந்தப் பாசனம் நீள்கிறது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணைதான் இந்தப் பசுமைக்குக் காரணம். மார்க்கையன்கோட்டை போன்ற ஊர்களில் ஆற்றுப் பாசனமுள்ள நஞ்சையில் காற்றாலை நட யாரும் வருவதில்லை. அந்த நிலத்தின் விலை அதற்கு இடம் கொடுக்காது. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்களில், அதாவது ஓடைப்பட்டி, சீப்பாலக்கோட்டை, கண்டமனூர், ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிப் புஞ்சைகளில்தான் காற்றாலைகள் எழுந்தன. ஊர்ப்பேச்சில் அவற்றுக்குக் 'காத்தாடி' என்று பெயர்.

இந்தப் பிரிவு தற்செயலானதல்ல. ஆற்றுத் தண்ணீர் உள்ளவர் நிலத்தை விற்கவில்லை. மழையை மட்டும் நம்பியிருந்தவர் விற்றார். சோளமும் பயறும் எள்ளும் விதைத்து, மழை பொய்த்த ஆண்டுகளில் விதைச் செலவுகூடத் திரும்பாதவருக்கு, ஏக்கருக்கு இவ்வளவு என்று ரொக்கமாகக் கிடைத்தது பெரிய தொகை. எதிர்ப்பு ஏன் எழவில்லை என்பதற்குப் பாதி விடை இங்கேயே கிடைக்கிறது.

'மேகத்தைக் கலைக்கிறது' என்ற குறை

தேனி மாவட்ட விவசாயிகளிடம் காற்றாலையைப் பற்றிக் கேட்டால் முதலில் வருவது மழைப் பேச்சு. காத்தாடி வந்த பிறகு சாரல் குறைந்துவிட்டது, வருகிற மேகத்தை இறக்கை கலைத்து விரட்டிவிடுகிறது என்பார்கள். மகாராட்டிரத்தின் சாங்கலி, சாத்தாரா பகுதி விவசாயிகளும் இதே குறையைச் சொன்னதுண்டு. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது வழக்கம். அது சரியான பதிலல்ல. குறை ஏன் எழுகிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையின் மேற்குச் சரிவில் மேலே ஏறும்போது குளிர்ந்து அங்கேயே மழையாகக் கொட்டுகிறது. பீர்மேடு போன்ற மலையூர்களில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்ய, கீழே தேனிச் சமவெளிக்குக் கிடைப்பது அதில் கால் பங்கு அளவே. மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஈரத்தைப் பெரும்பாலும் இழந்த காற்று. இறங்க இறங்கச் சூடேறி மேலும் உலர்கிறது. ஆகவே வேகமான காற்றும் குறைவான மழையும் இந்த நிலத்தில் சேர்ந்தே இருப்பவை. இரண்டுக்கும் காரணம் அதே மலைதான். காற்று பலமாக இருப்பதால் காற்றாலை வந்தது. காற்று வறண்டது என்பதால் மழை குறைவு. காற்றாலை மழையைத் தடுத்தது போலத் தோன்றுவது, இரண்டும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிவதால்.

காலமும் இந்த எண்ணத்துக்குத் துணை நின்றது. காற்றாலைகள் பெருகிய ஆண்டுகளை ஒட்டியே கடும் வறட்சிகள் வந்தன. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62% குறைந்தது. காற்றாலையே இல்லாத டெல்டா மாவட்டங்களிலும் அந்த ஆண்டு பயிர் கருகியது. ஆனால் கண்ணெதிரே புதிதாக நிற்கும் பொருள்மீது பழி விழுவது மனித இயல்பு.

அறிவியல் சொல்வது என்ன? மழை மேகங்கள் தரையிலிருந்து பெரும்பாலும் பல நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் உயரம் வரை நிற்பவை. இன்றைய பெரிய காற்றாலையின் இறக்கை நுனிகூட 200 மீட்டரை ஒட்டியே எட்டும். தொடக்க கால இயந்திரங்கள் அதில் பாதிகூட இல்லை. மேகத்தை இறக்கை வெட்டுவதற்கு வழியில்லை. ஐரோப்பாவில் காற்றாலைகள் பல மடங்கு பெருகினால் தட்பவெப்பம் என்னாகும் என்று கணினி மாதிரிகளில் ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, மழையளவில் மிகச் சிறிய மாற்றமே இருக்கும் என்றது.

எனினும் தரைக்கு அருகே ஒரு விளைவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் டெக்சாசில் பெரிய காற்றாலைப் பண்ணைகள் உள்ள பகுதியைச் செயற்கைக்கோள் மூலம் கவனித்து 2012-இல் வெளியான ஆய்வு, அங்கு இரவு நேரத் தரை வெப்பநிலை சுற்றுப்புறத்தைவிடக் கூடியிருப்பதைக் காட்டியது. இரவில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும், அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நிற்கும். சுழலும் இறக்கை இந்த அடுக்குகளைக் கலக்கி, மேலுள்ள வெப்பத்தைக் கீழே கொண்டுவருகிறது. புதிய வெப்பம் உண்டாவதில்லை. இருப்பது இடம் மாறுகிறது. 'காத்தாடி வந்ததும் காடு காய்கிறது' என்று ஒரு விவசாயி சொன்னால், மேகத்தைப் பற்றிய அவர் விளக்கம் தவறாக இருக்கலாம். காட்டில் அவர் உணர்ந்த மாற்றம் முழுக்கக் கற்பனை என்று அதனால் ஆகிவிடாது.

நிலம் கைமாறிய விதம்

மழைப் பேச்சுக்கு அடியில் வேறு குறைகள் இருக்கின்றன. அவை நிலத்தைப் பற்றியவை. தமிழ்நாட்டில் காற்றாலை நிலங்கள் பெரும்பாலும் அரசு கையகப்படுத்தியவை அல்ல. புரோக்கர்கள் வழியாகப் பட்டாதாரர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசி வாங்கப்பட்டவை. பக்கத்துக் காட்டுக்காரர் என்ன விலைக்கு விற்றார் என்பது இவருக்குத் தெரியாது. முதலில் விற்றவருக்குக் குறைந்த விலை, கடைசிவரை பிடித்து வைத்தவருக்கு அதிக விலை என்று ஊருக்குள் மனக்கசப்பும் வந்தது. விற்றவர் விற்றுவிட்டார், விற்காதவர் ஒருவர், இருவர். ஊராகக் கூடி ஒரு முடிவு எடுக்கும் தருணம் வரவேயில்லை.

காற்றாலைக்கு நேரடியாகத் தேவைப்படும் இடம் குறைவுதான். அடித்தளமும் மின்மாற்றியும் சேர்ந்து ஓர் ஏக்கருக்குள் அடங்கிவிடும். ஆனால் 40, 50 மீட்டர் நீள இறக்கையைச் சுமந்து வரும் லாரி திரும்ப அகலமான சாலை வேண்டும். அந்தச் சாலை வண்டிப்பாதையை அகலப்படுத்தியும், சில இடங்களில் ஓடையைக் குறுக்கே மேடாக்கியும் போடப்படும்போது, மழைத் தண்ணீர் கண்மாய்க்குப் போகும் வழி மாறுகிறது. ஆடு மாடு மேய்ந்த பொட்டல் வேலிக்குள் போகிறது. பட்டா இல்லாத ஆட்டுக்காரருக்கு நிலத்தை விற்ற பணத்திலும் பங்கில்லை. பயன் ஒருவருக்கும் இழப்பு இன்னொருவருக்கும் என்று பிரிந்துபோவதால் குறை புலம்பலாகவே நின்றுவிடுகிறது.

சட்டமும் மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. இந்தியாவின் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. எனவே அனல் மின் நிலையத்துக்கோ சுரங்கத்துக்கோ நடத்த வேண்டிய மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் காற்றாலைக்குக் கட்டாயமில்லை. 2016-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்று மின்சாரத்தை 'வெள்ளை' வகைத் தொழிலாக வகைப்படுத்தியது. இவ்வகைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் தேவையில்லை. அதே ஆண்டு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், இரைச்சலைக் கருதி, குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் காற்றாலை அமையக் கூடாது என்கிறது. மாசு குறைவு என்பதற்காகத் தரப்பட்ட விலக்கு, ஊரின் குரலைக் கேட்கும் ஒரே முறையான மேடையையும் சேர்த்து நீக்கிவிட்டது என்பதே இதிலுள்ள சிக்கல்.

மின்சாரம் யாருக்குப் போகிறது என்பதும் ஊராருக்குத் தெரிந்ததுதான். தமிழ்நாட்டின் காற்றாலைகள் பலவற்றுக்கு நூற்பாலைகளும் சிமெண்ட் ஆலைகளும் உரிமையாளர்கள். சொந்தத் தேவைக்கான மின்சாரமும், முதல் ஆண்டிலேயே விலையில் 100 விழுக்காடு, பின்னர் 80 விழுக்காடு வரை தேய்மானமாகக் கழித்துக்கொள்ளும் வருமான வரிச் சலுகையும் அவர்களை ஈர்த்தன. உள்ளூருக்குக் கிடைத்தது சில காவலாளி வேலைகளும் கட்டுமான காலத்துக் கூலியும்.

மன்னார்: நிலம் வேறு, கதை வேறு

தேனியில் சிதறிக் கிடந்த இந்தக் குறைகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதை மன்னாரில் காணலாம். மன்னார், ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு தாழ்ந்த மணல் தீவு. பாலமும் சேது போன்ற தரைப்பாதையும் அதை நிலப்பகுதியோடு இணைக்கின்றன. மேற்கு முனையான தலைமன்னாரிலிருந்து கடலைத் தாண்டினால் இராமேசுவரம். பனை, உடைமரம், பழைய பெருக்கமரங்கள், தெருவில் திரியும் கழுதைகள், கரையோரத்தில் மீன் வாடிகள் ஆகியவை மன்னாரின் அடையாளங்கள். பேசாலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம், தோட்டவெளி என ஊர்கள் நெருக்கமாக உள்ளன. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும் வாழும் இத்தீவில் கடற்றொழிலே முதன்மையான பிழைப்பு.

இங்கு முதல் பெரிய காற்றாலைப் பண்ணையை இலங்கை மின்சார சபை அமைத்தது. 'தம்பபவனி' என்ற இத்திட்டம் ஆசிய வளர்ச்சி வங்கியின் 20 கோடி டாலர் கடனுதவியில், தீவின் தென்கரையில் 30 சுழலிகளோடு கட்டப்பட்டு, 2020 டிசம்பர் 8 அன்று திறக்கப்பட்டது. திறன் 100 மெகாவாட்டைச் சற்றே தாண்டும். பறவைக் கூட்டம் நெருங்கினால் சுழலிகளை நிறுத்துவதற்கு ராடார் முறையும் அதில் உண்டு.

அப்போது எதிர்ப்பு பெரிதாக இல்லை. அனுபவத்துக்குப் பிறகுதான் அது வளர்ந்தது. இதுவே மன்னார் நிகழ்வைப் புரிந்துகொள்ளத் திறவுகோல். காற்றாலையைக் கண்டிராதவர்களின் அச்சம் என்று இதைத் தள்ள முடியாது. ஐந்து ஆண்டுகள் அதன் அருகில் வாழ்ந்தவர்கள்தான் இன்னொன்று வேண்டாம் என்றார்கள்.

அவர்கள் சொன்ன குறைகளில் முதலாவது வெள்ளம். தீவு தட்டையானது, கடல் மட்டத்தைவிடச் சிறிதே உயர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் மெல்லிய சரிவுகளில் வழிந்துதான் கடலுக்குப் போக வேண்டும். காற்றாலை நிரையை இணைக்கும் சாலைகள் மேடாக்கப்பட்டதால் தண்ணீர் வடியாமல் ஊருக்குள் நிற்கிறது என்பது மக்களின் முறையீடு. மணல் தீவில் குடிநீர் என்பது உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம். அதைத் துளைத்து ஆழமான அடித்தளங்கள் போடுவதும் அவர்களைக் கலங்க வைத்தது.

இரண்டாவது மீன். கரையோரச் சுழலிகளின் அதிர்வாலும் இரைச்சலாலும் மீன் கரைக்கு வருவதில்லை, கரைவலைக்காரர்களின் பிடி குறைந்துவிட்டது என்கிறார்கள். இங்கே நிதானம் தேவை. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் செல்வது பல ஆண்டுகளாக வடக்கின் கடற்றொழிலாளர்களை வாட்டி வரும் சிக்கல். பிடி குறைந்ததில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. ஆனால் ஏற்கெனவே நலிந்த தொழில்மீது இன்னொரு சுமை விழுவதை அவர்கள் ஏற்க மறுத்தது விளங்கிக்கொள்ளக் கூடியதே.

மூன்றாவது பறவைகள். மத்திய ஆசியாவிலிருந்து இந்தியா வழியாகத் தெற்கே வரும் வலசைப் பறவைகள் இலங்கைக்குள் நுழையும் வாசல் மன்னார். பூநாரைகளும் வாத்தினங்களும் கூட்டம் கூட்டமாக இறங்கும் வங்காலை சரணாலயம் தீவுக்கு எதிரே, நிலப்பகுதியில் உள்ளது; 2010-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கொழும்பின் சூழலியலாளர்களை மன்னார் மக்களோடு சேர்த்தது பறவைதான். ஊராருக்கு முதல் கவலை தண்ணீர், நகரத்தாருக்கு முதல் கவலை பறவை என்றாலும் இரண்டும் ஒரே மனுவில் சேர்ந்தன.

இவற்றோடு இல்மனைட்டு மணலும் வந்து கலந்தது. மன்னாரின் கனிய மணலை அகழ ஓர் ஆத்திரேலிய நிறுவனம் ஆய்வு உரிமங்களுடன் பல ஆண்டுகளாக முயன்று வருகிறது. காற்றாலைக்கும் மணல் அகழ்வுக்கும் தொழில்முறையில் தொடர்பில்லை. ஆனாலும் தீவு துண்டு துண்டாகக் கைமாறுகிறது என்ற அச்சத்தில் இரண்டும் ஒன்றாகவே பார்க்கப்பட்டன. போரில் இடம்பெயர்ந்து, 2009-க்குப் பின் திரும்பி வந்து குடியேறியவர்கள் நிறைந்த மாவட்டம் இது. 1990-இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் அவர்களில் அடங்குவர். நிலம் என்ற சொல்லுக்கு அங்கே உள்ள கனம் தேனியில் இல்லை.

அதானி திட்டமும் அதன் பின்னும்

2022-இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கி, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தது. 2030-க்குள் மின்சாரத்தில் 70% புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும் என்ற இலக்கும் இருந்தது. டாலர் இல்லாத நாட்டுக்கு இறக்குமதி எரிபொருள் வேண்டாத மின்சாரம் எவ்வளவு முக்கியம் என்பதை மறந்து மன்னார்ச் செய்தியைப் படிக்க முடியாது.

அந்தச் சூழலில் இந்தியாவின் அதானி குழுமத்துக்கு மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட் காற்றாலைகள் அமைக்க வாய்ப்புத் தரப்பட்டது. போட்டி ஏலம் இன்றித் தரப்பட்டதால் கொழும்பிலும் எதிர்ப்பு எழுந்தது. 2024 மே மாதம், 20 ஆண்டுகளுக்கு அலகு ஒன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலைக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வனவிலங்கு மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை நாடின. அதே ஆண்டு ஆட்சி மாறியது. புதிய அரசு விலையை மறுபரிசீலனைக்கு எடுத்தது. 2025 பிப்ரவரியில் அதானி நிறுவனம் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது.

சிக்கல் அத்தோடு முடியும் என்று பலர் எண்ணினர். பிறகு 50 மெகாவாட், 20 மெகாவாட் என இரண்டு சிறு திட்டங்கள் உள்நாட்டு நிறுவனங்களுக்கு ஏல முறையில் வழங்கப்பட்டன. 50 மெகாவாட் திட்டத்தின் விலை 5 சதத்துக்கும் குறைவு. வெளிநாட்டு நிறுவனம் இல்லை, ஏலம் இன்றித் தரப்படவில்லை, விலையும் அதிகமில்லை. கொழும்பின் குறைகள் அனைத்தும் தீர்ந்தன. மன்னாரின் குறைகளில் ஒன்றும் தீரவில்லை. வெள்ளமும் கடலும் வீட்டு வாசலும் அப்படியே இருந்தன.

2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் சுழலிப் பாகங்கள் இரவில் லாரிகளில் தீவுக்குள் வரத் தொடங்கியதும் மக்கள் பாதையை மறித்தனர். மன்னார் பிரஜைகள் குழு, மதத் தலைவர்கள், கடற்றொழிலாளர் சங்கங்கள், இளைஞர்கள் என எல்லாத் தரப்பும் ஒன்றானது. தொடர் போராட்டம் நாள் கணக்கில் நீண்டது. ஆகஸ்ட் 13 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தலைமையில் பேச்சு நடந்து, பணிகள் ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டன. மாதம் கழிந்ததும், ஒப்பந்தமான இரண்டு திட்டங்களைத் தொடரவும், மன்னாரில் மக்களின் இணக்கமின்றிப் புதிதாக எதையும் தொடங்காதிருக்கவும் அரசு முடிவெடுத்தது. செப்டம்பர் கடைசி வாரத்தில் ஓர் இரவு, பாகங்களைக் காவல்துறைப் பாதுகாப்போடு கொண்டுவந்தபோது மோதல் ஏற்பட்டுச் சிலர் காயமடைந்தனர். செப்டம்பர் 29 அன்று மாவட்டம் தழுவிய ஹர்த்தால் நடந்தது. கடைகள் மூடிக் கிடந்தன.

'இனி கேட்டுத்தான் செய்வோம்' என்ற உறுதி, ஏற்கெனவே கேட்காமல் செய்தது தவறு என்ற ஒப்புதலாகவே மன்னாரில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அப்படியானால் இந்த இரண்டை மட்டும் ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வியோடுதான் மக்கள் பாதையில் நின்றார்கள்.

பிற இடங்களில்

ஆந்திரத்தின் அன்றைய அனந்தபூர் மாவட்டத்தில் கல்பவல்லி என்ற இடம் உண்டு. தரிசு என்று அரசுப் பதிவேடு சொன்ன மலை நிலத்தைச் சுற்றியுள்ள ஊர் மக்கள் பல ஆண்டுகள் காத்துக் காடாக வளர்த்தனர். பதிவேட்டில் அது தரிசாகவே இருந்ததால் காற்றாலைக்கு ஒதுக்கப்பட்டது. மலை உச்சிகளை வெட்டிச் சாலை போட்டதில் புல்லும் நீர்வழியும் அழிந்ததாக 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடரப்பட்டது. தரிசு, புறம்போக்கு என்ற சொற்கள் கண்ணில் படும் இடத்தில் யாரோ ஒருவர் மாடு மேய்த்துக்கொண்டிருப்பார் என்பதற்கு இது நல்ல சான்று.

நார்வேயின் ஃபோசன் தீபகற்பத்தில் சாமி என்ற பழங்குடியினர் கலைமான் மேய்க்கும் நிலத்தில் 151 சுழலிகள் கட்டப்பட்டன. அவற்றுக்குத் தந்த உரிமம் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது சுழலிகள் ஓடிக்கொண்டிருந்தன. பின்னர் இழப்பீட்டு உடன்பாடுகள் எட்டப்பட்டன. சுழலிகள் இன்றும் ஓடுகின்றன. கட்டிய பிறகு கிடைக்கும் நீதி பெரும்பாலும் பணமாகத்தான் கிடைக்கும்.

டென்மார்க்கு வேறு வழியில் போனது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிய காற்றாலைத் திட்டத்தின் பங்குகளில் 20 விழுக்காட்டை 4.5 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு முதலில் விற்க முன்வர வேண்டும். எல்லா எதிர்ப்பையும் அது அடக்கிவிடவில்லை. 2020-இல் முறையும் மாறியது. ஆனால் தன் வீட்டுச் சன்னலில் தெரியும் சுழலியில் தனக்கும் பங்குண்டு என்ற நிலை, இரைச்சலைக் கேட்கும் காதையே மாற்றக்கூடியது.

தேனியில் அடுத்து வருவது

தமிழ்நாட்டின் பழைய காற்றாலைகள் பல 20 ஆண்டுகளைக் கடந்துவிட்டன. சிறந்த காற்று வீசும் இடங்களைச் சிறிய, திறன் குறைந்த இயந்திரங்கள் பிடித்து வைத்திருப்பதால், அவற்றை அகற்றிப் பெரியவற்றை நிறுவவும், பழையவற்றைப் புதுப்பிக்கவும் மாநில அரசு 2024-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. நான்கைந்து பழைய காத்தாடிகள் செய்த வேலையை ஒரு புதிய இயந்திரம் செய்யும். மின்சாரக் கணக்கில் இது நல்ல செய்தி.

நிலக் கணக்கில் அது அவ்வளவு எளிதாக இல்லை. தமிழ்நாட்டில் ஒரு சுழலிக்கும் அடுத்ததற்கும் இடையே, காற்றின் குறுக்கே இறக்கை விட்டத்தைப்போல் 5 மடங்கும், காற்றின் போக்கில் 7 மடங்கும் இடைவெளி விடுவது விதி. இறக்கை நீண்டால் இடைவெளியும் நீளும். பழைய மனைகள் சிறியவை, உரிமையாளர்கள் பலர். நீளமான இறக்கையை ஏற்றிவரும் லாரிக்கு இன்னும் அகலமான பாதை வேண்டும். உயர்ந்த கோபுரத்தைத் தூக்கும் கிரேனுக்கு இன்னும் பெரிய மைதானம் வேண்டும். முன்பு நிலத்தை விற்காமல் நடுவே எஞ்சியிருந்த புஞ்சைக்காரரிடம் பாதை கேட்டு மீண்டும் ஆள் வருவார். அன்று தந்தை போட்ட கையெழுத்தின் விலை என்ன, அதே காட்டிலிருந்து இன்று எடுக்கும் மின்சாரத்தின் விலை என்ன என்பதைக் கைப்பேசியில் பார்க்கத் தெரிந்த தலைமுறை இப்போது அங்கே இருக்கிறது. புதிதாக வரும் பெரிய காற்றாலைகளுக்கும் 2006 அறிவிக்கையின் விலக்கு அப்படியே பொருந்தும். ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் கட்டாயம் அவற்றுக்கும் இல்லை.